நாற்பது பழுப்பு அட்டைகள்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை. எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடுவேன். இந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. குழம்பை வாயில் வைக்கும் முன்பே உப்பு கம்மி என்று சொல்லக்கூடியவள் என்று என் கணவர் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கிண்டல் செய்வார். அப்படிப்பட்ட நான் கதைப் புத்தக விஷயத்தில் கோட்டை விட்டது எப்படி என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அருகே ஒரு மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து இங்கிலீஷ் பூசை தொடங்குவதற்கு நடுவில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் கோயிலை ஒட்டிய ஹாலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். இருபது பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் வெளுத்து வாங்குகிற வாய்கள். ஆனால் தமிழை எழுத்தில் பார்ப்பது அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான்.

அவர்களில் ஒருத்தி என் மகள். ஏழரை வயது. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் பட்டுப் பட்டென்று சொல்வாள். நாலு சொல் சேர்ந்து ஒரு வரியாக வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். தினமும் கதை வாசித்துக் காட்டுவது நான்தான். "இன்னைக்கு நீயே படி" என்று புத்தகத்தை நீட்டினால், "எனக்குத் தமிழ் வராதும்மா" என்பாள்.

"ஸ்வல்ப மெதுவா படி, வரும்" என்பேன். கொஞ்சம் என்கிற அந்த 'ஸ்வல்ப' அக்கம்பக்கத்துக் கன்னடத்திலிருந்து எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மெதுவாகவும் படிக்க மாட்டாள், வேகமாகவும் படிக்க மாட்டாள்.

முதலில் சோம்பல் என்றுதான் நினைத்தேன். பிறகு அதை அவள் வருத்தமே இல்லாமல், "எனக்குப் பாகற்காய் பிடிக்காது" என்பதுபோலச் சொல்ல ஆரம்பித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. தனக்கு வராது என்று ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால் அதற்கப்புறம் யார் என்ன செய்ய முடியும்? நாளைக்கு நான் ஒரு துண்டுச் சீட்டில் 'சாப்பாடு மேசையில் இருக்கிறது' என்று எழுதி வைத்துவிட்டு ஆபீஸ் போனால், இவள் பசியோடு உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கோயிலில் ஃபாதர் எங்கள் வகுப்புக்கு ஒரு பழைய இரும்பு அலமாரியைக் கொடுத்தார். பிள்ளைகள் தாங்களாகவே எடுத்துப் படிக்கிற மாதிரி கதைப் புத்தகங்கள் வாங்கி வையுங்கள், எதை வாங்குவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இப்படி ஒரு பொறுப்பை என்னிடம் கொடுத்தால் கேட்க வேண்டுமா? அன்றைக்கே ஒரு பட்டியல் போட்டேன். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு வரிக்கு மேல் கூடாது. கடைசியில் ஒரு நல்ல கருத்து இருக்க வேண்டும். படம் அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் படத்தைப் பார்த்தே கதையை ஊகித்துவிட்டு எழுத்துப் பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

ஏரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் தமிழ்ப் புத்தகக் கடைகள் போட்டிருந்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டி, வரிகளை எண்ணி, எடுப்பதை எடுத்து, கழிப்பதைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். குனிந்து பார்த்தால், மடியில் ஒரு புத்தகம். அட்டையில் ஒரு எருமை பஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிறது. உடம்பெல்லாம் சேறு. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கிறார்.

வாங்கிப் பார்த்தேன். எருமை ஏரிக்கு பஸ்ஸில் போகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாற்றம் தாங்காமல் ஆட்கள் இறங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. பக்கத்துக்கு ஒரு வரி, மிச்சமெல்லாம் படம். கருத்து என்று தேடினால் ஒன்றுமில்லை. என் பட்டியலில் வரிக் கணக்கைத் தவிர எதிலும் அது பாஸ் ஆகவில்லை.

"இது பேடாம்மா, வேண்டாம்" என்றேன்.

"பேக்கு" என்றாள் அவள். வேண்டும் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அது கடைசித் தீர்ப்பு என்று எங்கள் வீட்டில் அர்த்தம். எனக்குப் பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். போய்த் தொலையட்டும் என்று அதையும் மற்ற முப்பத்தொன்பதோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன்.

இதுவரை நான் செய்தது பாதித் தப்புதான். மீதியை அடுத்த சனிக்கிழமை மத்தியானம் செய்தேன். புதுப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு லேபிள் ஒட்ட வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நடக்கிற சடங்கு அது. அதில் நான் கைதேர்ந்தவள் என்று பெயர் உண்டு. மூலை மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். இருபது பிள்ளைகளின் கை படப்போகிற புத்தகம், அட்டை போடாமல் எப்படி வைப்பது? நான் வெட்டினேன், கணவர் ஒட்டினார். லேபிளில் முத்து முத்தாகப் புத்தகத்தின் பெயர் எழுதி, ஒன்றிலிருந்து நாற்பது வரை எண் போட்டேன். அடுக்கிவைத்தபோது செங்கல் சூளை மாதிரி இருந்தது என்று கணவர் சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அலமாரியைத் திறந்தேன். ஓடிவந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு பையன், "ஆன்ட்டி, இதெல்லாம் ஸ்கூல் புக்கா?" என்று கேட்டான். கதைப் புத்தகம்தான், எடுத்துக்கோங்க என்றேன். ரேஷன் கடையில் வாங்குகிற மாதிரி ஆளுக்கொன்று மேலாக இருந்ததை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். சத்தமே இல்லை. ஒழுக்கமாக இருக்கிறார்கள் என்று எனக்கு மனம் குளிர்ந்தது.

என் மகள் மட்டும் அலமாரி முன்னால் நின்றாள். "எருமை புக் எங்கம்மா?"

எனக்கு உடனே ஒரு யோசனை. "லேபிள்ல எழுதியிருக்கு பாரு. படிச்சா கிடைச்சிடும்."

அவளும் முயற்சி செய்தாள். முதல் லேபிளில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். இரண்டாவதில் இரண்டு எழுத்தை மாற்றிச் சொன்னாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மூன்றாவது புத்தகத்தை வைத்துவிட்டு, "எனக்குத் தமிழ் வராதுன்னு சொன்னேன்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் எருமைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். கை நீட்டினால் போதும். பிடிவாதத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நின்றுகொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு தட்டு தட்டலாம் போலிருக்கிறது.

அதற்கடுத்த வாரங்களில் புத்தகங்கள் எடுக்கப்பட்டன, வைக்கப்பட்டன. யாரும் எதையும் வீட்டுக்குக் கேட்கவில்லை. ஒரு நல்ல மாற்றம் மட்டும் கண்ணில் பட்டது. வகுப்பு முடிந்து நான் கரும்பலகையைத் துடைத்து, பெற்றோர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது, "அலமாரிய நான் அடுக்குறேன்" என்று மகள் தானாக முன்வந்தாள். என்னை மாதிரியே சுத்தம் என்று பூரித்துப்போனேன்.

பிறகு அட்டைகளில் ஓட்டைகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, ஓரம் பிசிறு பிசிறாக. பூச்சி அரிக்கிறது என்று அந்துருண்டை வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. அப்போதுதான் என் ஆபீஸ் மூளை வேலை செய்தது. ஒரு ஓட்டை வழியாக யானையின் காது தெரிந்தது. இன்னொன்றில் காக்கையின் கண். இன்னொன்றில் ஒரு சிவப்புச் செருப்பு. எந்தப் பூச்சியும் இவ்வளவு சரியாக இடம் பார்த்து அரிக்காது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரையும் உட்கார வைத்து, புத்தகத்தை மதிப்பது பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். "கிழிச்சது யாரு? இப்பவே சொல்லணும்."

என் மகள் எழுந்து நின்றாள். "நான்தாம்மா."

"எதுக்குக் கிழிச்சே?"

அவள் பதில் சொல்லும் முன், எல்லாரிலும் சின்னவள், இன்னும் 'அ' எழுதவே தடுமாறுகிற ஐந்து வயதுப் பெண், அழுதுகொண்டே எழுந்தாள். "அக்காவைத் திட்டாதீங்க ஆன்ட்டி. நான்தான் யானை புக் கேட்டேன்."

"அவளுக்குப் படிக்கவே தெரியாதும்மா" என்றாள் மகள். "லேபிளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பா? அதான் ஒவ்வொண்ணா மடிப்பைத் தூக்கிப் பார்த்து, உள்ள என்ன இருக்குன்னு தெரியிற மாதிரி ஜன்னல் வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சா எல்லாருக்கும் தெரியும்ல? இன்னும் ஏழு புக்தான் பாக்கி."

மூன்று வாரமாக என் மகள் அந்தப் புத்தகங்களைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். படிக்க வராத பிள்ளையின் கஷ்டம் அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, எல்லா அட்டையையும் பிரிச்சிடுங்க" என்றேன்.

அவர்கள் நம்பவில்லை. நானே ஒன்றைக் கிழித்துக் காட்டினேன். அதன்பிறகு அந்த ஹால் இருந்த நிலையை என்ன சொல்வது! காகிதம் கிழிகிற சத்தத்தோடு "ஐயோ புலி பாரு", "இது என்னுது, நான் முதல்ல பார்த்தேன்" என்று ஒரே கூச்சல். இங்கிலீஷ் பூசைக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். புத்தகங்களை அலமாரியில் முதுகு காட்டி அடுக்காமல், முகம் தெரியும்படி ஜன்னல் விளிம்பிலும் பெஞ்சிலும் சாய்த்து வைத்தோம். என் பட்டியலில் முதல் மதிப்பெண் வாங்கிய, கருத்து நிறைந்த பத்துப் பதினைந்து புத்தகங்களை ஒருவரும் சீந்தவில்லை. அவை பாட்டுக்கு இருந்தன.

எருமை எங்கள் வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல வாசித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்குகிற பக்கங்களில் எல்லாம் கண்டக்டர் ஒரே சொல்லைத்தான் கத்துகிறார். அவர் வாயைப் பார்த்தாலே அது என்ன சொல் என்று தெரிந்துவிடும். நான் சொல்வதற்கு முன்பே அவள், "இறங்கு!" என்றாள். பிறகு எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். அடுத்த பக்கத்திலும் அதே "இறங்கு!". ஊகிக்கிறாள், இது படிப்பில்லை என்று பழைய நான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் அதே புத்தகம்தான். பிறகு ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் குரல், நின்று நின்று, தடுக்கித் தடுக்கி, ஆனால் விடாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். கத்தியை வைத்துவிட்டு ஓடினேன். "அது 'நிறுத்தம்'டா செல்லம்" என்றேன்.

"நீ சொல்லாதம்மா. நானே படிச்சுப்பேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்குத்தானே இத்தனை பாடு? சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே மடி காலியாகிவிட்ட மாதிரி ஒரு வருத்தமும் இருந்தது. அதை மறைப்பானேன். கதவுக்கு வெளியே, கையில் பீன்ஸ் நாரோடு, கடைசிப் பக்கம் வரை நின்று கேட்டேன்.

கதவு திறந்தது. "அம்மா, இதுல கோழி எங்க இருக்கு சொல்லு?"

"எந்தக் கோழி? இந்தக் கதையில கோழியே இல்லையே."

அவள் என்னை நிஜமாகவே பரிதாபமாகப் பார்த்தாள். அந்தப் புத்தகத்தைக் கடையில் ஒரு தடவை சோதித்தேன், வீட்டில் குறைந்தது பத்துத் தடவை வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோழி டிக்கெட் எடுக்காமல் ஒளிந்து பயணம் செய்கிறதாம். எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முதல் பக்கத்தை விரித்துக்கொண்டு தேடினேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். ஒரு அம்மாவின் கூடையில் பார்த்தேன். எருமைக்குப் பின்னால் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"எனக்குத் தெரியலடி. நீயே காட்டு."

அவள் காட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புத்தகத்தை என் மடியில் சரியாக வைத்தாள்.

"ஸ்வல்ப மெதுவா பாரும்மா" என்றாள். "வரும்."