பியானோவுக்குள் ஒரு பிரசவம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மூன்றே வரி.

'உமது யோசனைப்படி எல்லாம் செய்தோம். பியானோ ஊமையாகிவிட்டது. உடனே புறப்பட்டு வரவும்.'

கீழே கையெழுத்து — குற்றாலம் பங்களா அண்ணாச்சி.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எலியிடமிருந்து புத்தக அலமாரியைக் காப்பாற்றுவது எப்படி என்று பெரிய மேதாவி மாதிரி எழுதியிருந்தேன். நன்றாகப் பூட்டி வையுங்கள். கனமான துணியால் மூடுங்கள். பாச்சை உருண்டை போடுங்கள், வசம்பு போடுங்கள். சாரல் காலத்தில் ஈரம் அண்டாமல் இருக்க உள்ளே ஒரு சின்ன பல்பை எரிய விடுங்கள். அவசியமில்லாமல் திறக்கவே திறக்காதீர்கள்...

எழுதும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? யோசனை சொல்வதில் இருக்கிற சுகமே தனி. அனுபவிக்கப் போகிறவன் அடுத்தவன் அல்லவா?

பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. அதில் ஒன்று என் நெடுநாள் சிநேகிதரான அண்ணாச்சியுடையது. புத்தகத்துக்குச் சொன்னது பியானோவுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தார். நான் ஜென்மத்தில் பியானோவைத் தொட்டதில்லை. அதனால் கொஞ்சமும் தயங்காமல், 'தாராளமாகப் பொருந்தும்' என்று பதில் போட்டேன்.

இப்போது அந்தப் பதிலுக்குப் பதில் வந்திருக்கிறது.

தென்காசியில் பஸ் ஏறினேன். நல்ல சாரல். பஸ் முழுக்கத் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாக ஜனங்கள். எல்லோரும் அருவிக்குப் போகிறார்கள், நான் ஒருவன் மட்டும் எலிக்குப் போகிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலில் அந்த பியானோ குற்றாலத்துக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சுதந்திரம் வந்த கையோடு சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறினார். அண்ணாச்சிக்கு வடகரையில் நெல்லும் தென்னையும் ஏராளம்; குற்றாலத்தில் பங்களா. சாய்வு நாற்காலி வாங்க எஸ்டேட்டுக்குப் போனவர் பியானோவோடு திரும்பி வந்தார். ஏன் அண்ணாச்சி என்று கேட்டேன். "எட்டு ஆளு சேந்து தூக்கியும் அசையலவே. அப்பம் அது நல்ல சாமானாத்தானவே இருக்கும்?" என்றார்.

அந்த வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் பியானோவின் மதிப்புக்கு ஒரு குறைச்சலும் வரவில்லை. ஹாலின் நடுச் சுவரை ஒட்டி நிறுத்தினார்கள். மேலே லேஸ் துணி. அதற்கு மேலே பூச்சாடி, குடும்ப போட்டோ, ஒரு பீங்கான் நாய். சீசனுக்கு வருகிற பெரிய மனிதர்களை அதன் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். 'பியானோ வீடு' என்று குற்றாலத்தில் பேர் ஆகிவிட்டது. வேறென்ன வேண்டும்?

அப்புறம்தான் கோமதி வந்தாள்.

கோமதி அண்ணாச்சியின் மருமகள். பாளையங்கோட்டைப் பெண். அங்கே கான்வென்டில் படிக்கும்போது சின்ன வயதிலேயே பியானோ கற்றுக்கொண்டவள். பரீட்சைகளில் ஒவ்வொரு படியாகத் தேறி, கடைசிப் படி மட்டும் பாக்கி இருந்த சமயத்தில் கல்யாணப் பேச்சு வந்தது. அவள் அப்பா இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டதற்குக் காரணமே அந்த பியானோதான். "எங்க வீட்டுல அது சும்மாத்தான் கெடக்கு. ஒங்க பிள்ள வந்து வாசிக்கட்டும்" என்று அண்ணாச்சி சபையில் வைத்து வாக்குக் கொடுத்தார். மாப்பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவாக விசாரிக்கவில்லை என்று கேள்வி.

கல்யாணமாகி வந்த மறுநாள் கோமதி வாசித்தாள். வாசலில் கூட்டம் கூடி நின்று கேட்டது. அதற்கு அடுத்த நாளும் வாசித்தாள். மூன்றாவது நாள் மதினி — அண்ணாச்சியின் சம்சாரத்தை நான் அப்படித்தான் கூப்பிடுவது — மூடியைச் சாத்திப் பூட்டினார்.

"தெனமும் தட்டுனா தேஞ்சு போகும்லாம்மா? நாலு பெரிய மனுசங்க வரும்போது வாசி."

சாவி மதினியின் இடுப்புக் கொத்தில் ஏறிக்கொண்டது.

தேய்ந்து போகுமாம்! நம் வீடுகளில் எதுதான் தேயாது? வெள்ளிக் கிண்ணம் தேயும், பட்டுப்புடவை தேயும், விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த கண்ணாடித் தம்ளர்கூடத் தேயும். வீட்டுக்கு வந்த மருமகள் மட்டும் தேய மாட்டாள் என்று நமக்கு ஒரு திடமான நம்பிக்கை.

கல்யாணமாகி நாலு வருஷம். அந்த முதல் இரண்டு நாளைத் தவிர, கோமதி அந்த பியானோவை வாசித்தது மொத்தம் மூன்று தடவை. மூன்றும் விருந்தாளிகளுக்காக. அதிலும் ஒருவர் பாதியிலேயே தூங்கிவிட்டாராம்.

இதற்கு நடுவில் சரஸ்வதி பூஜை வரும். அன்றைக்கு அந்த வீட்டில் பியானோவுக்குத்தான் முதல் மரியாதை. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் உண்டு. மூடியைத் திறந்து, கட்டைகளின் மேலேயே வாழையிலை விரித்து, பொரியும் அவலும் கடலையும் வெல்லமும் படைப்பார்கள். அன்று வாத்தியத்தைத் தொடக் கூடாது. சரி. மறுநாள் விஜயதசமிக்கு அதை எடுத்து வாசித்தே ஆக வேண்டும் என்பதும் அதே சாஸ்திரம்தானே? முதல் பாதியை அந்த வீடு அப்பழுக்கில்லாமல் செய்தது. இரண்டாம் பாதி மட்டும் ஏனோ யாருக்கும் ஞாபகம் வராது.

விஜயதசமி தவறாமல் கோமதி விடிந்ததும் தலை முழுகி பியானோ பக்கத்தில் வந்து நிற்பாளாம். மதினி மூடியைத் திறந்து, இலையை உருவிக்கொண்டு, "மாமாவப் பாக்க ஆளு வருதாக, பெறகு பாப்போம்" என்று திரும்பவும் பூட்டிவிடுவாராம். இலையை உருவும்போது பாதிப் பொரி கட்டை இடுக்கு வழியாக உள்ளே கொட்டியது. அதை யார் கவனித்தார்கள்?

இந்த லட்சணத்தில் என் யோசனை வேறு போய்ச் சேர்ந்தது. லேஸ் துணிக்கு மேல் ஜமக்காளம் ஏறியது. அடியில் பலகையைக் கழற்றி, உள்ளே பாச்சை உருண்டை, வசம்பு, ஒரு சின்ன பல்பு. சாரல் காலத்தில் அது இரவு பகலாக எரிந்தது. சரஸ்வதி பூஜை ஒன்றைத் தவிர, விருந்தாளிகளுக்குக்கூட இனிமேல் திறப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. 'தென்காசிக்காரர் பத்திரிகையிலேயே எழுதியிருக்காரு!'

இந்த வருஷம்தான் கோமதி வாயைத் திறந்து கேட்டாள். கடைசிப் பரீட்சைக்கு உட்கார வேண்டும் என்று. பரீட்சை வைக்கிறவர் பாளையங்கோட்டைக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் வருவார். இப்போதே விரல் மறந்துகொண்டு வருகிறது, இந்தத் தடவை விட்டால் விட்டதுதான் என்று சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சிக்குச் சபையில் கொடுத்த வாக்கு திடீரென்று ஞாபகம் வந்து, சரி என்றார். நல்ல நாள் பார்த்தார்கள். ஜமக்காளத்தை எடுத்தார்கள். மதினி சாவி கொடுத்தார்.

கோமதி ஒரு கட்டையை அழுத்தினாள். சத்தமே வரவில்லை. அடுத்த கட்டையை அழுத்தினாள். 'கிறீச்' என்றது. அது பியானோவின் சத்தமில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குப் போஸ்ட் கார்டு.

நான் போய்ச் சேரும்போது பாளையங்கோட்டையிலிருந்து ஞானமுத்து வந்திருந்தார். சர்ச் பியானோக்களுக்கெல்லாம் சுதி சேர்க்கிறவர். ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, பியானோவின் அடிப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் அண்ணாச்சி, மதினி, கோமதி.

"வாரும்வே, வாரும். உம்ம யோசனையோட பவுச நீரே பாரும்" என்றார் அண்ணாச்சி.

பலகை வந்தது.

உள்ளே மங்கலாக பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில், குளிருக்கு இதமாக, மெத்தென்று ஒரு கூடு. லேஸ் துணி நூல், ஜமக்காளப் பிசிறு, சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளித் துண்டுகள். கூட்டின் நடுவே ஒரு தாய் எலி. பக்கத்தில் கண் திறக்காத குட்டிகள். கைக்கெட்டும் தூரத்தில் சரஸ்வதி பூஜைப் பொரி. என் வசம்பைக்கூட ஓரத்தில் கொஞ்சம் கடித்துப் பார்த்திருந்தது. பிரசவ மருந்து என்று நினைத்ததோ என்னவோ.

ஞானமுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு கூட்டிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அச்சடித்த காகிதம். '...திறக்கவே திறக்காதீர்கள்' என்கிற வரி மட்டும் பாக்கி இருந்தது.

அண்ணாச்சி என் கட்டுரையைக் கத்தரித்து, மறந்துவிடாமல் இருக்க பியானோவுக்கு உள்ளேயே ஒட்டி வைத்திருந்தாராம்! இத்தனை வருஷமாக எழுதுகிறேன். என் எழுத்தை இவ்வளவு முழுசாக உபயோகப்படுத்திக்கொண்ட வாசகரை நான் பார்த்ததில்லை.

"கொன்னுறாதீய! பிள்ளையாருக்க வாகனம்" என்று மதினி பதறினார். "அதுவும் பிள்ள பெத்த ஒடம்பு."

ஆக, கூட்டை அப்படியே ஒரு முறத்தில் ஏந்தி, தோட்டத்து விறகுக் கொட்டகையில் கொண்டு வைத்தார்கள். அத்தனை பதவிசாக யாரையும் அந்த வீட்டில் நடத்தி நான் பார்த்ததில்லை.

"பூட்டு போட்டுத்தானய்யா வச்சிருந்தோம். எப்படி உள்ள போச்சு?" அண்ணாச்சிக்கு இன்னும் புரியவில்லை.

ஞானமுத்து தரையைக் காட்டினார். "மிதிகட்டைக்கு ஓட்ட விட்டிருக்குல்லா, அதுவழியாத்தான். பூட்டு மனுசங்களுக்குத்தான அண்ணாச்சி?" அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சார்வாள், தெனம் அரமணி நேரம் வாசிச்சா எலி அங்கன எட்டிக்கூடப் பாக்காது. உள்ள இருக்க கம்பியும் சுத்தியலும் அந்த அதிரு அதிரும். அதுக்குள்ள எவ பிள்ள பெறுவா? நீங்க என்னடான்னா வெளக்குப் போட்டு, துணி போத்தி, பொரியும் வச்சு, சத்தம் போடாதீங்கன்னு எழுதி வேற ஒட்டியிருக்கிய!"

நான் பீங்கான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோமதி முன்னால் வந்து கேட்டாள். "சரியாக எத்தன நாளாகும் அண்ணே?"

"சுத்தியல் நுனியில உள்ள கம்பளியப் பூராத் தின்னுட்டும்மா. மெட்ராஸ்லேருந்து வரணும். வந்து, ஒட்டி, சுதி சேக்க ரெண்டு மாசம் ஆயிரும்."

பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

கோமதி அழவில்லை. கட்டைகளின் மேல் விரல்களை வைத்து, சத்தமே வராத பியானோவில் எதையோ கொஞ்ச நேரம் வாசித்தாள். டொக் டொக்கென்று மரம் தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது. எனக்கு உள்ளபடியே வெட்கமாக இருந்தது. எலியைப் பற்றி எழுதியதற்காக இல்லை. நாலு வருஷமாக அந்த ஹாலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, 'ஏன் மதினி பூட்டியே இருக்கு?' என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. அதற்காக.

"சர்ச்சுல நல்ல பியானோ ஒண்ணு இருக்கும்மா. பகல்ல சும்மாதான் இருக்கும். நான் சொல்லி வைக்கேன்" என்றார் ஞானமுத்து.

கோமதி எழுந்தாள். "மாமா, நான் நாளைக்கே பாளையங்கோட்டைக்குக் கெளம்புதேன். பரீட்ச முடியுத வரைக்கும் எங்கப்பா வீட்டுல இருந்துக்கிடுதேன்."

"அவன் ஊருல இல்லாத நேரத்துல எப்படிம்மா? நாலு பேரு என்ன சொல்லுவாக?" அண்ணாச்சியின் மகன் மர வியாபாரமாகப் புனலூர் போயிருந்தான்.

"அவுகளுக்கு நான் கடிதாசி எழுதிக்கிடுதேன்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. அண்ணாச்சி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

மதினிக்குத்தான் மனசு கேட்கவில்லை. நல்ல மனுஷிதான், பத்திரப்படுத்துவது ஒன்றே தெரியும், அவ்வளவுதான். இடுப்புக் கொத்திலிருந்து பியானோ சாவியைக் கழற்றி நீட்டினார். "இந்தாம்மா. இனிமே நீயே வச்சுக்கிடு."

கோமதி அதை வாங்கவில்லை. முறத்தைக் கொண்டுபோன தோட்டத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"இத்தன நாளு இதுக்குள்ள யாரு இருந்தாகளோ, அவுககிட்டயே குடுங்க அத்தே."

சொல்லிவிட்டு, பெட்டி அடுக்க உள்ளே போய்விட்டாள். நாங்கள் நாலு பெரிய மனிதர்களும் ஒரு பல்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். அதை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் கோமதி பஸ் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பரீட்சை அடுத்த மாதம். தேறுவாளா? தெரியாது. திரும்பி வருவாளா? அதைக் கேட்கிற தைரியம் அண்ணாச்சிக்கே இல்லை, எனக்கெங்கே வரும்?

வீடு திரும்பியதும் முதல் வேலையாக என் புத்தக அலமாரியின் பூட்டைத் திறந்தேன். யோசனை எழுதிய நாளிலிருந்து திறக்கவே இல்லை; என்ன இருந்தாலும் எழுதியபடி நடக்க வேண்டுமல்லவா? உள்ளே என்ன இருந்தது என்று தயவுசெய்து யாரும் கடிதம் எழுதிக் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த புத்தகத்தை, அட்டை மட்டும் மிச்சமிருக்கிற நிலையில், எப்படிக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அண்ணாச்சியிடமிருந்து இன்னொரு போஸ்ட் கார்டு. 'மெட்ராசுக்குக் கம்பளிக்கு எழுதியாகிவிட்டது. ரிப்பேர் ஆனபின் எலி வராமலிருக்க யோசனை கூறவும்.'

பதில் போட்டுவிட்டேன். 'மிதிகட்டைக்குப் பின்னால் கம்பி வலை அடியுங்கள். சரஸ்வதி பூஜைப் பொரியை நீங்களே தின்றுவிடுங்கள். சாவியைக் கிணற்றில் போடுங்கள். பிறகு, நேரில் போய் மருமகளைக் கூப்பிடுங்கள்.'

அண்ணாச்சி விரும்பினால் இதையும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம் — பியானோவுக்கு உள்ளே மட்டும் வேண்டாம்!