லாந்தர் மேபலின் காதுகள்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, நகக்கண்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்ட பிறகுதான் டோரீன் ஹச்சக் ஒரு காமிக்ஸ் புத்தகத்தைத் தொடுவார். புதன்கிழமை மூன்று மணிக்கு மேல் மிர்கோவின் காமிக்ஸ் கடைப் பின்னறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடினால், டோரீன் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று அர்த்தம். புதுப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்கும் நாள் புதன். நாங்கள் நாலைந்து பேர் அன்று வேறு எங்கும் போவதில்லை.

நான் படித்த பக்கத்துக்கு அடையாளமாக மூலையை மடிக்கிற ஆள். பதினைந்து வருடங்களுக்கு முன் அதைப் பார்த்துவிட்டு டோரீன், "இவர் கையில ஒண்ணும் குடுக்காதே மிர்கோ, இவர் வீட்ல நாய்க்குக்கூட காது மடிஞ்சுதான் இருக்கும்" என்றார். எங்கள் நட்பு அப்படித்தான் ஆரம்பித்தது.

டோரீன், கனடாவின் ஹாமில்டன் நகரப் பேருந்து ஓட்டுநர். வயது அறுபத்தொன்று. பார்ட்டன் தெரு வழித்தடத்தில் இருபத்து நான்கு வருடம். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். பெரும்பாலானவர்கள் ஒரு காமிக்ஸைப் பிரித்தால் சண்டை நடக்கிற பக்கத்தைத் தேடுவார்கள். டோரீன் தேடுவது கூட்டத்தை. "ஹீரோவை விடுங்க, அவன் அடுத்த மாசமும் வந்து குதிப்பான். பின்னாடி குடை பிடிச்சிட்டு ஒருத்தி நிக்கறா பாருங்க, அவ திரும்ப வருவாளா? அதான் எனக்குக் கவலை."

அந்தக் கவலைக்குப் பதினாறு பனிக்காலணிப் பெட்டிகள். அவற்றில் அட்டைகள். ஒரே ஒரு கதையில் வந்தவர்கள், இரண்டு கதையில் வந்து காணாமல் போனவர்கள், வில்லனுக்குக் கதவு திறந்துவிட்டதோடு பிழைப்பு முடிந்தவர்கள் என்று ஆளுக்கு ஓர் அட்டை. பெயர், முதல் வருகை, கடைசி வருகை, வரைந்தவர். எது முதல் வருகை என்பதில் எங்கள் கடையில் கைகலப்பு வரை போனதுண்டு. டோரீனின் சட்டம் கறாரானது: முதுகு மட்டும் தெரிந்தால் வருகை ஆகாது, முகம் தெரிய வேண்டும். "படியில கால் வெச்சாத்தான் பயணி. ஸ்டாப்ல நின்னு மேகத்தைப் பார்க்கறவனையெல்லாம் நான் கணக்குல எடுத்துக்க முடியுமா?"

அட்டையின் கடைசிக் கட்டம் அவராகச் சேர்த்தது. 'பிறகு எங்கே போனார்' என்று தலைப்பு. ஒரு கதையோடு செத்துப்போன ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடித் தபால்காரன், எட்டு வருடம் கழித்து வேறொரு கம்பெனியின் புத்தகத்தில் துப்பறிவாளனாகத் தலைகாட்டியதை, பின்பு ஒரு ஜப்பானிய மங்கா காமிக்ஸில் அதே உடைந்த கண்ணாடியோடு ஒரு பூனையாக வந்து சேர்ந்ததை, அந்தக் கட்டத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். யாராவது அவர்களைச் 'சில்லறைப் பாத்திரங்கள்' என்று சொல்லிவிட்டால் முகம் சிவந்துவிடும். பெரிய ஹீரோக்கள் எல்லாம் இவர்களிடம் கடன் வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் என்பது அவர் கட்சி.

அந்தப் பெட்டிகளில் அவருக்கு உயிரான அட்டை ஒன்று. லாந்தர் மேபல்.

போர்க்காலத்தில் அமெரிக்கப் புத்தகங்கள் எல்லை தாண்டி வராமல் நின்றபோது டொரொன்டோவில் அவசர அவசரமாகக் கறுப்பு வெள்ளையில் காமிக்ஸ் போட்டார்கள். அப்படி ஒன்றில், 1943இல், மூன்று கதைகளில், மொத்தம் பதினேழே பக்கங்களில் வந்து போனவள் மேபல். ஏரிக்கரையில் மூடுபனியில் கப்பல்களுக்கு வழி காட்டுகிறவள். ஒரு கை கிடையாது. வெறும் சட்டைக்கையை மடித்து ஊக்குக் குத்தியிருப்பாள். மற்ற கையில் லாந்தர். அவ்வளவுதான் அவள் கதை. அந்த ஊக்குக் குத்திய கை முதலில் மான்ட்ரியல் பத்திரிகைத் தொடர் ஒன்றில் ஒரு தாதிக்குப் போயிற்று. மாலுமி எவனோ துறைமுக விடுதியில் விட்டுப்போன பழைய புத்தகம் வழியாக ஒசாகா ஓவியர் ஒருவருக்குப் போயிற்று. அவர் வரைந்த ஒற்றைக் கைப் படகுக்காரி அங்கே இருபது வருடம் ஓடினாள். போன அக்டோபர் கடைசியில், மாறுவேடப் பண்டிகையன்று, ஒரு கல்லூரிப் பெண் அந்த வேஷத்தில், சட்டைக்கையில் ஊக்கோடு, டோரீனின் பேருந்தில் ஏறினாள். டோரீன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "உன் படகுக்காரிக்குப் பூர்வீகம் டொரொன்டோ, தெரியுமா கண்ணு?" என்றாராம். அந்தப் பெண் காதில் பாட்டு மாட்டியிருந்ததால் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

மேபலை யார் வரைந்தது என்று புத்தகத்தில் போடவில்லை. அந்தக் காலத்தில் போடுவதில்லை. கண்டுபிடித்தவர் டோரீன். காதை வைத்துக் கண்டுபிடித்தார். "முகத்தைப் பார்த்துப் பார்த்து மாத்தி வரையலாம். காது, கை பாட்டுக்குத் தானா வர்றது. கையெழுத்து மாதிரி." அதே கம்பெனியில் கையெழுத்திட்டு வரைந்த ஹார்வி ட்ரெலோர் என்பவர் போடும் காதுகள் கீழே கொக்கி போல வளைந்திருக்கும். மேபலின் காதும் அப்படியே. அட்டையில் ஹார்வியின் பெயர் ஏறியது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அதைப் பார்த்து இணையத்தில் எழுதினார்கள், மறுபதிப்பில் அச்சிட்டார்கள், எல்லாருக்கும் மூலம் டோரீனின் அட்டைதான்.

ஹார்வி செத்து வெகுகாலம். மகன் வென்டெல் இதே ஊரில் இருப்பது பல வருடம் கழித்துத் தெரிந்து டோரீன் ஒரு கடிதம் போட்டார். வென்டெல் கடைக்கு வந்து அந்தப் பதினேழு பக்கங்களையும் நின்றபடியே படித்து, எங்கள் முன்னால் அழுதார். அவருக்குத் தெரிந்த அப்பா, தகர டப்பா ஆலைக்குப் போய்விட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிக்கிற மனிதர். வீட்டில் யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர். அந்த மனிதருக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று அவருக்குத் தாங்கவில்லை. கல்லறைக்குப் புதுக் கல் நட்டார். அதில் பெயருக்குக் கீழே ஒரு லாந்தர் செதுக்கியிருக்கிறது. மே மாத முதல் சனிக்கிழமை, கடைகளில் காமிக்ஸ் இலவசமாகக் கொடுக்கிற நாளில், மிர்கோ வாசலருகே ஒரு மேசை போடுவார். வென்டெல் சலவைச் சட்டையில் வந்து உட்கார்ந்து மறுபதிப்பில் 'ஹார்வியின் மகன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். வருடத்துக்கு அந்த ஒரு நாள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இந்த வருடம் ஒரு புகைப்பட ஆல்பத்தையும் கொண்டுவந்தார். அத்தை வீட்டுப் பரணில் கிடைத்ததாம். "எங்கப்பா வேலை செய்யற படம், டோரீன். பார்த்ததே இல்ல நீங்க."

பார்த்தார். ஹார்வி வரைபலகை முன் குனிந்திருக்கிறார். வலது கையில் தூரிகை. டோரீனின் முகம் மாறியதை நான் கவனித்தேன். மற்றவர்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருப்பார்களோ என்று படத்துக்குள் சுவரிலிருந்த நாட்காட்டியை உற்றுப் பார்த்தார். எழுத்துகள் நேராகவே இருந்தன. பின்னால் இன்னொரு பலகை, அதன் முன் ஒரு பெண்ணின் முதுகு. தூக்கியிருந்தது இடது முழங்கை.

"நல்ல படம், வென்டெல்" என்று சொல்லி ஆல்பத்தை மூடிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த புதன் பின்னறையில் எனக்கும் மிர்கோவுக்கும் விளக்கினார். மேபலின் பக்கங்களில் நிழல் கோடுகள் எல்லாம் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வலது கைக்காரருக்கு அப்படி வராது. டோரீன் அதை அன்றே பார்த்திருக்கிறார். பார்த்து, அட்டையில், 'மூடுபனிக்காக ட்ரெலோர் கையாண்ட தனி உத்தி' என்று பாராட்டி வேறு எழுதியிருக்கிறார். காது கிடைத்த மகிழ்ச்சியில் கையை விட்டுவிட்டார். ஹார்விதான் அந்தக் கம்பெனியின் ஓவியர் அறைக்கு மூத்தவர். சின்னவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தே காது போடப் பழகியிருப்பார்கள்.

"எனக்குத் தோணல பாருங்க. ஒரே அறையில உட்கார்ந்தா காது ஒட்டிக்கும்னு எனக்குத் தோணல."

"விட்டுடுங்களேன், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றேன்.

"அந்த இடதுகைக்காரிக்கு."

மிர்கோ தலையில் கை வைத்துக்கொண்டார். "அவருக்கு எழுபத்து நாலு வயசு. கல்லுல செதுக்கி வெச்சிருக்காரு. உங்க அட்டைக்காக அவர்கிட்ட இருந்து அப்பாவைப் புடுங்கப் போறீங்களா?"

"அப்பாவை நான் புடுங்கல. நான்தான் இல்லாத அப்பாவைக் குடுத்துட்டேன்" என்றார் டோரீன். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மூன்று வாரம் டோரீன் ஒன்றும் செய்யவில்லை. நாள் தவறாமல் வென்டெல் அவர் பேருந்தில் ஏறினார், நூலகத்துக்குப் போனார், இறங்கினார். அந்த மூன்று வாரத்தில் டோரீன் இரண்டு முறை நிறுத்தத்தைத் தாண்டி ஓட்டிப்போய்ப் பயணிகளிடம் வசவு வாங்கினார்.

பிறகு ஒரு புதன்கிழமை வென்டெலைப் பின்னறைக்கு வரச் சொன்னார். அட்டை, மேபலின் பக்கங்கள், ஓர் உருப்பெருக்கி எல்லாம் மேசையில். எங்களையும் வெளியே போகச் சொல்லவில்லை. சாட்சி வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. மேபலை வரைந்தது ஹார்வி இல்லை என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். வென்டெல் உருப்பெருக்கியைத் தொடவில்லை.

"நீங்கதானே சொன்னீங்க" என்றார்.

"ஆமா. நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"எங்கப்பா வீட்ல ஒரு நாள்கூடப் படம் போட்டதில்ல. ஒரு பூனைக்குட்டி வரைஞ்சு குடுன்னு கேட்டா எழுந்து போயிடுவாரு. அதுக்கும் நான் ஒரு காரணம் யோசிச்சு வெச்சிருந்தேன். மேபலோடயே எல்லாத்தையும் வரைஞ்சு தீர்த்துட்டாருன்னு."

டோரீன் மேபலின் பக்கம் ஒன்றை அவர் முன்னால் நகர்த்தினார். "காது அவரோடதுதான், வென்டெல். அந்த அறையில எல்லாருக்கும் காது போடக் கத்துக் குடுத்தது அவர்தான். மேபல் காது அவர் குடுத்தது. ஒசாகாக்காரர் வரைஞ்ச படகுக்காரிக்கும் அதே கொக்கிக் காதுதான், பாருங்க."

"காதா?" வென்டெல் எழுந்தார். "கல்லுல இருக்கற லாந்தரைச் சுரண்டிட்டு ஒரு காது செதுக்கச் சொல்றீங்களா?"

கூடவே கொண்டுவந்திருந்த ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கைத்தடியை ஊன்றிப் போய்விட்டார். டோரீன் உட்கார்ந்து, அட்டையில் ஹார்வியின் பெயரை ஒரே கோடாக அடித்தார். மேலே, 'தெரியவில்லை. பெண். இடது கை' என்று எழுதினார். அதற்குக் கீழே, 'முந்தைய தவறு என்னுடையது' என்று எழுதித் தன் முழுப் பெயரையும் தேதியையும் போட்டார். பிறகு அதைப் படம் பிடித்து, தன்னை மேற்கோள் காட்டிய ஒவ்வொருவருக்கும் அனுப்பினார்.

அதற்கப்புறம் வென்டெலைக் கடையில் காணவில்லை. பேருந்திலும் காணவில்லை. மழையில் நடந்தே நூலகம் போவதைப் பார்த்ததாக மிர்கோ சொன்னார். டோரீன் அதைக் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். புத்தகம் எதையும் எடுக்காமலேயே வீட்டுக்கும் போய்விட்டார்.

நேற்றுக் காலை நான் அவர் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வென்டெலின் நிறுத்தம் வந்தது. பெஞ்சில் அவர் இருந்தார். கைத்தடியைக் கால்களுக்கு நடுவே நிறுத்தி, தெருவின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற வந்தவராகத் தெரியவில்லை. டோரீன் நிறுத்திக் கதவைத் திறந்தார். வென்டெல் திரும்பவில்லை. பின்னிருக்கையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

வென்டெல் தெருவைப் பார்த்தபடியே கேட்டார். "அவ பேரு கெடச்சுதா?"

"இன்னும் இல்ல. முதுகுதான் இருக்கு. தேடிட்டே இருக்கேன்."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. முழங்கால் முடியாதவர்கள் ஏறுவதற்காகப் பேருந்தின் முன்பக்கத்தைத் தாழ்த்துகிற பொத்தான் ஒன்று ஓட்டுநரின் இடப்பக்கம் உண்டு. டோரீன் அதை அழுத்தினார். வண்டி உஸ்ஸென்று மூச்சு விட்டு, நடைபாதையின் மட்டத்துக்கு மெல்ல இறங்கி நின்றது.