அம்மாவின் சேலையில் நைனா

இன்று பழைய பெட்டியில் அம்மாவின் கைத்தறிச் சேலை அகப்பட்டது. வரட்டிப் புகையும் பாலும் கலந்த அதன் வாடையோடு, திருத்தணி மலையடியில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் மாட்டுத்தொழுவம் திரும்பி வந்தது.

அந்தக் கிறிஸ்துமஸ் லீவில் அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். செவலைப் பசு அவள் கைக்கு மட்டுமே பால் சுரக்கும் என்பதால், பனி விலகாத காலைகளில் நைனா அவள் சேலையைப் போர்த்தி, முக்காடிட்டு உட்கார்ந்து, சர் சர்ரென்று செம்பில் கறப்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

"சிரிச்சிகினு இருக்காத பாப்பா, அதுக்குத் தெரிஞ்சிடப் போவுது" என்பார்.

பொங்கலுக்கு முன்பே, பிரசவத்தில் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாளும் நைனா அதே சேலையோடு கறந்துகொண்டிருந்தார். பசு அசைபோட்டபடி நின்றது. பின்னால் போய், அம்மாவின் வாடை மாறாத அந்தச் சேலையோடு அவர் முதுகில் முகத்தைப் புதைத்தேன்.

"யாரு, பாப்பாவா?"

"ஆங். இந்தப் பக்கம் திரும்பாத நைனா" என்றேன்.