பெறுநர் மட்டும் மாறிய மனு

எம்.எல்.ஏ. சகாதேவனின் வாழ்க்கை வரலாற்றை யாராவது எழுதுவதானால் என்னிடம்தான் வர வேண்டும். அவர் வகித்த பதவிக்கெல்லாம் என்னிடம் ஒரு மனுவின் நகல் இருக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் எங்கள் கூட்டத்தில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் மனு எழுதுகிற வேலை இந்த அமுதவல்லியின் தலையில் விழுந்தது.

மனுவில் ஒரே விஷயம். உப்பளத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும். பாத்தி ஓரத்தில் ஒரு புதர் கிடையாது, கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி. அதனால் விடியற்காலையில் இறங்கினால் வேலை முடிகிற வரைக்கும் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. என்னோடு உப்பு வாருகிற மலர்கொடிக்கு இரண்டு முறை சிறுநீரகத்தில் கல். "நெறைய தண்ணி குடிம்மா" என்றார் டாக்டர். குடித்துவிட்டு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

சகாதேவனும் அப்போது எங்களோடு உப்பு வாரியவர்தான். நல்ல குரல். திருவிழாவுக்கு ஆட்டோவில் மைக் பிடித்தவர் அப்படியே வார்டு மெம்பர் ஆனார். முதல் மனு அவருக்கு. "மெம்பருக்கு ஏதுக்கா பவரு? தலைவர் கையிலதான் எல்லாம் இருக்குது" என்றார். பாவம் என்று அவரையே தலைவராக்கினோம். "ஃபண்டு ஒன்றியத்துலதான்க்கா நிக்குது" என்றார். சரியென்று ஒன்றியத்துக்கு அனுப்பினோம், சேர்மன் ஆனார். "எம்.எல்.ஏ. சொன்னாத்தான்க்கா கலெக்டர் கேப்பாரு" என்றார்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் கூலியை விட்டுவிட்டு வீடு வீடாக ஓட்டுக் கேட்டது நாங்கள். "இன்னும் ஒரு படி ஏத்திவுட்டா கட்டிடுவான்டி" என்பாள் மலர்கொடி. எனக்கு வேலை மிச்சம். பெறுநர் என்ற இடத்தில் பதவியை மட்டும் மாற்றுவேன். புத்தி கெட்ட ஜென்மங்கள், நானும் சேர்த்துத்தான்.

எம்.எல்.ஏ. ஆனபின் சித்திரை வெயிலில் நன்றி சொல்ல உப்பளத்துக்கே வந்தார். இரண்டு இளநீர் குடித்தார். அவருக்குச் சர்க்கரை வேறு. பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் நெளிந்தார், நாலு பக்கமும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் பெண்கள், கையில் செல்போன். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் காரில் பறந்தார்.

"இப்பவாச்சும் புரிஞ்சிருக்கும்" என்றாள் மலர்கொடி. எனக்கும் நம்பிக்கை வந்தது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருக்குப் புரிந்துதான் இருந்தது. ஆடி மாதம் மறுபடி வந்தபோது காருக்குப் பின்னால் ஒரு வேன் வந்தது. உள்ளே ஏசி, சோபா, கழிப்பறை எல்லாம் இருப்பதாக டிரைவர் பெருமையாகச் சொன்னான். நான் மனுவை நீட்டினேன். அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"உப்பளம் சென்ட்ரல் கவர்மென்ட் எடம்க்கா. எம்.பி.தான் பேசணும். எனக்கு சீட்டு கேட்டிருக்கேன், பாத்துக்கலாம்."

மலர்கொடி மனுவைத் திருப்பி வாங்கினாள். அடுத்த பெறுநரை எழுதத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றுக் காலோடு நேராக வேனுக்கு நடந்தாள்.

"யம்மா, அது ஐயாவுக்கு" என்றான் டிரைவர்.

"அவர ஐயாவாக்குனதே நாங்கதாம்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

வேன் கதவருகே நான் போய் நின்றேன். எனக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேர் வந்து நின்றார்கள். எம்.எல்.ஏ. அன்றைக்கும் இளநீர் குடித்திருந்தார். கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரும் வேன் பக்கம் வந்தார்.

மலர்கொடி வெளியே வந்து, கூட்டத்துக்காக வைத்திருந்த தண்ணீர்க் கேனிலிருந்து ஒரு சொம்பு தண்ணீரைப் பிடித்து நின்ற இடத்திலேயே முழுசாகக் குடித்தாள். இத்தனை வருஷத்தில் உப்பளத்தில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவர் அவளைத் தாண்டப் பார்த்தார்.

"எனக்குப் பின்னாடி நில்லுங்க தம்பி" என்றாள்.