பூக்கல் தரையும் குளம்புப் புண்ணும்

என் வீட்டுக்காரர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கல்லலுக்குப் பக்கத்தில் பால் பண்ணை வைத்தார். பண்ணை என்றால் இரண்டு கலப்பினப் பசுக்கள். அவை வருவதற்கு முன்பே கொட்டகைத் தரைக்கு, பெரிய வீடுகளில் போடுகிற வழவழப்பான ஆத்தங்குடிப் பூக்கல் பதித்தாயிற்று. பார்க்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

தரை மின்ன வேண்டுமென்று எந்நேரமும் கழுவிவிடுவார். ஈரம் காய்ந்ததே இல்லை. சாணத் தண்ணீரிலேயே நின்ற செவலைப்பசு, சில மாதத்தில் பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. பாலும் குறைந்தது.

"காலு நொண்டுது, பாத்தீகளா?" என்றேன்.

"புது எடம்ல, கூச்சப்படுது" என்றார். இத்தனை மாதமாகவா கூச்சம்?

அவருடைய ஓய்வூதிய நண்பர்கள் வந்து ஆராய்ந்தார்கள். கண்ணேறு என்று முடிவானது. கொட்டகை வாசலில் பூசணிக்காய் தொங்கியது. செவலை அதற்குக் கீழேயே நொண்டியது.

நான் கால்நடை மருத்துவரை அழைத்தேன். சின்ன வயதுப் பெண். முதல் அடியிலேயே வழுக்கித் தூணைப் பிடித்துக்கொண்டார். பசுவின் காலைக் கட்டித் தூக்கிக் கழுவினார். குளம்புக்குப் பின்னால், தோலில், ரத்தச் சிவப்பாக ஒரு புண். விரல் பட்டதும் செவலை துடித்தது.

"தோல்ல வர்ற தொத்துநோய்ம்மா. ஈரம்னா அதுக்குக் கொண்டாட்டம். மருந்து நான் போடுறேன், தரைய நீங்க மாத்துங்க."

"டாக்டர், இது ஆத்தங்குடிக் கல்லு" என்றார் இவர்.

"மாட்டுக்குத் தெரியாதே சார்."

அவர் மருத்துவரோடும் என்னோடும் பேச்சை நிறுத்திக்கொண்டார். கார்த்திகையன்று பசுவுக்காக வேண்டிக்கொள்ளக் குன்றக்குடிக் கோயிலுக்குப் போனார். அவர் பஸ் ஏறியதும் ஆள் கூட்டிவந்து கல்லையெல்லாம் பெயர்த்துவிட்டேன். தண்ணீர் வடியச் சரிவு வைத்து, சொரசொரப்பாகச் சிமெண்டு போடச் சொன்னேன். செவலையும் மற்றதும் வேப்பமரத்தடியில் காய்ந்த மணலில் நின்றன.

திரும்பியவர் நெற்றி நிறைய விபூதியோடு வாசலிலேயே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். உடையாத ஒரு கல்லை எடுத்துத் துண்டால் துடைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கலாம்ல" என்றார்.

"சொன்னா விட்டிருப்பீகளா?"

மறுநாள், மருத்துவர் சொல்லித்தந்தபடி நான் கட்டு மாற்றும்போது அவரே வந்து பசுவைப் பிடித்துக்கொண்டார். நான் புண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, மருந்து தெளித்தேன். சிவப்பு மெல்ல வற்றி, பொருக்குத் தட்டி, புதுத் தோல் மூடியது. ஒரு காலையில் செவலை நான்கு காலையும் ஊன்றி நின்று வைக்கோலை இழுத்தது. அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தூசி விழுந்துவிட்டதாம்.

இப்போது ஊரில் எந்த மாடு நொண்டினாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். "மொதல்ல தரையப் பாருங்கப்பா, இதெல்லாம் அனுபவத்துல வர்றது" என்கிறார். மருந்துப் பையோடு பக்கத்தில் நிற்பது நான்.