அம்மை வீட்டில் தாளித்த கீரை

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களும், மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்காரர்களும், தம்பியோடு கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பீர்கள். அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னது தம்பிதான். "நீதானக்கா வாயாடி, நீயே எழுது" என்றான். நாலு வார்த்தையோடு நிறுத்த எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், கூலிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். களை எடுப்பது, நாற்று நடுவது, கடலைக்காய் பிடுங்குவது என்று காட்டு வேலை எல்லாம் கைவந்தவர். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் பக்கத்து ஊருக்குப் போனார். மாமியார் இல்லாத வீடு. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, கணவரை இழந்து அங்கேதான் இருந்தார். அம்மாவும் அத்தையும் ஒரே தட்டில் களி தின்றவர்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாள். பெயர் செல்வி. நான் அவளைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவளோடுதான் வளர்ந்தேன் என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

செல்விக்கு நன்றாக ஓடியாடும் வயதில் தட்டம்மை போட்டது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, முட்டை, கீரை எதுவும் ஆகாது. அது நம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். குழந்தைக்கு நீர்த்த அரிசிக் கஞ்சி மட்டும் கொடுத்தார்கள். அத்தை மடியில் வைத்து ஊட்டுவார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வீசுவார். முத்து இறங்கியது, தலைக்குத் தண்ணீரும் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு, பொழுது சாய்ந்தால் குழந்தை வாசல் தெரியாமல் சுவரில் போய் முட்டிக்கொண்டது. ஆத்தா இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று பத்தியத்தை நீட்டித்தார்கள். கண்ணில் வெள்ளை படர்ந்தது. பிறகு வயிற்றுப்போக்கு கண்டு செல்வி போய்விட்டாள். ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவும் அப்படித்தான் நம்பினார்.

அப்புறம்தான் நான் பிறந்தேன், தம்பி பிறந்தான். ஓசூரில் கம்பெனிகள் வரிசையாக வந்த காலம் அது. அப்பாவுக்கு மெஷின் துடைக்கிற வேலை கிடைத்தது. நாங்கள் மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டுக்கு வந்தோம். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், நடுவில் நாங்கள். கம்பெனிச் சங்கு ஊதினால் அடுப்பு எரியும், சங்கு ஊதினால் அடுப்பு அணையும். அப்பாவுக்குக் களி பிடிக்காமல் போனது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் வெள்ளைச் சோறுதான் வேக வேண்டும் என்பார். கேட்டால் அதுதான் அந்தஸ்தாம்!

எங்கள் லைனுக்கு ஒரு நர்ஸம்மா வருவார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவார். ஒருநாள் குழாயடியில் பெண்களை உட்கார வைத்து, எந்தச் சாப்பாடு எதற்கு என்று சொன்னார். சோறும் களியும் வேலை செய்ய வலுவைக் கொடுக்கும். பருப்பும் முட்டையும் பாலும் பிள்ளைகளின் சதையை வளர்க்கும். ரத்தத்துக்கு இரும்புச்சத்து வேண்டும். கண்ணுக்கு ஒரு உயிர்ச்சத்து உண்டு, அது கீரையிலும் பப்பாளியிலும் முட்டை மஞ்சளிலும் இருக்கிறது, எண்ணெய் சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும் என்றார்.

"இதெல்லாம் உடம்பு தானா செஞ்சுக்காதும்மா. வாய் வழியாத்தான் போவணும். அம்மை வந்த புள்ளைக்கு இருக்கிற சத்தும் கரைஞ்சு போவும். அப்பப் போயி கஞ்சியோட நிறுத்துனா, மொதல்ல மாலைக்கண்ணு, அப்புறம் கண்ணே போயிடும். சில புள்ளைங்க உசுரும் போயிடும்."

அம்மா எழுந்து வீட்டுக்குள் வந்துவிட்டார். நான் பின்னாலேயே வந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "ஊட்டு முன்னாலயே முருங்க மரம் இருந்துச்சே. கைக்கு எட்டுற கெளை" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன், ஆனால் என்னிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து செல்வி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் லைன் முழுக்க லைட் எரியும், எங்கள் வீட்டில் மட்டும் எரியாது. கரண்டுக்குக் கணக்குப் பார்க்கிறோம் என்று பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். விஷயம் அதுவல்ல. அரை இருட்டில் நானும் தம்பியும் தட்டுத் தடுமாறாமல் நடக்கிறோமா என்று அம்மா மூலையில் உட்கார்ந்து பார்ப்பார். "அந்தச் சொம்ப எடுத்தா" என்பார். நேராகப் போய் எடுத்தால்தான் லைட் போடுவார். பல நாள் அந்த மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருக்கும். எனக்குப் பயமாக இருக்கும்.

அப்படி இருக்கும்போது தம்பிக்குத் தட்டம்மை போட்டது. செய்தி போனதும் ஊரிலிருந்து அத்தை ஓடி வந்தார். கதவில் வேப்பிலை கட்டினார், எண்ணெய்ச் சட்டியை ஒதுக்கினார், கஞ்சி காய்ச்சினார். செல்வியைப் போலவே தம்பியும் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண் கூசிச் சுருண்டு படுத்தான். அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து வெளியே போனவர் மடி நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். வாணலியை வைத்து எண்ணெயை ஊற்றினார். கடுகு வெடித்தது.

அந்த வாசம் லைன் முழுக்கப் போனது. வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து தாளிப்பு வாசம்! எதிர்வீட்டு கௌரம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன்ரீ இது? அம்மா பந்த மனேலி ஒக்கரணெயா?" என்று தலையில் கை வைத்தார். அம்மை வீட்டில் தாளிப்பதா என்று கன்னடத்தில் கேட்கிறார். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சாப்பாட்டுக் கேரியரோடு தெருவிலேயே நின்றுவிட்டார்.

"என்னா காரியம் பண்ற நீ?" என்றார் அப்பா.

"ஒரு புள்ளைய வழக்கப்படி பாத்தோம். அது மண்ணுக்குள்ள இருக்குது. இந்தப் புள்ளைய நாஞ் சொல்றபடி பாக்கலாங்க."

அத்தை குறுக்கே வந்தார். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னா புள்ள பண்ணுவ?"

"எங்கிட்ட வரட்டும் அண்ணி. நான் பதில் சொல்லிக்கறேன்."

அத்தை அன்றே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிள்ளைக்கு ஒன்று ஆனால் என்னைக் கேட்காதீர்கள் என்றார். அப்பா அவரைத் தடுக்கவும் இல்லை, அம்மாவை ஒன்றும் சொல்லவும் இல்லை. அம்மா சோற்றில் கீரையைக் குழைத்துத் தம்பிக்கு ஊட்டினார். மறுநாள் அவனைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் போனார். கண்ணுக்கான அந்த உயிர்ச்சத்து என்று எண்ணெய் மாதிரி ஒரு மருந்தை வாயில் விட்டார்கள். திரும்பி வரும்போது லைனில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அம்மாவை அங்கே உயிரோடு விட்டிருப்பார்களா, எனக்குத் தெரியாது.

தம்பிக்கு முத்து இறங்கிய பிறகு ஒரு சாயங்காலம். வீட்டில் லைட் இல்லை. தம்பி ஒரு சுவரோரம், அம்மா எதிர்ச்சுவரோரம். நடுவில் பாய், குடம், மணைக்கட்டை எல்லாம் கிடந்தன. அம்மா கையை நீட்டி, "செல்வி, இங்க வாடி கண்ணு" என்றார். தம்பி பேர் மாறியதைக் கண்டுகொள்ளவே இல்லை. குடத்தைச் சுற்றி, மணையைத் தாண்டி, நேராக வந்து அம்மா மடியில் உட்கார்ந்தான்.

எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அம்மா மட்டும் அன்றுதான் செல்விக்காக வாய்விட்டு அழுதார். அதுவரை ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று சொல்ல ஒரு இடம் மிச்சம் இருந்தது. தம்பி பிழைத்ததும் அந்த இடமும் போய்விட்டது. அப்பா தேற்றப் போனார். "ஆத்தா மேல பழியப் போடாதீங்க" என்று அம்மா அவர் வாயை மூடினார்.

பிறகு லைனில் எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அம்மா இமையை இழுத்து உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார். குழந்தைகள் அம்மாவைக் கண்டால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடும். வீட்டுக்கு வீடு கீரை கொண்டுபோய்ப் போடுவார். கௌரம்மாவே தன் பேரனுக்கு அம்மை போட்டபோது முதலில் அம்மாவைத்தான் கூப்பிட்டார். ஊருக்கெல்லாம் சத்துச் சொன்னவர் தான் மட்டும் கடைசியில் சட்டியைச் சுரண்டித்தான் சாப்பிட்டார். எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! கேட்டால்தானே. ரத்தம் குறைந்து, மூச்சு வாங்கி, இதயமும் பலவீனமாகிப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பொழுது சாய்ந்தால் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப் பார்த்தபடியேதான் போனார்.

ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணைக்கு இருந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும், ரத்தம் கொடுத்த தம்பியின் நண்பர்களுக்கும், பாடையைத் தன் தோளிலும் தாங்கிய கௌரம்மாவின் மகனுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த நர்ஸம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அத்தை இன்னும் இருக்கிறார். கருமாதிக்கு வந்தவர் பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா கடைசியா என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா புள்ள?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இப்போது நடக்க முடியாமல் ஊரிலேயே இருக்கிறார். படிக்கத் தெரியாதவர். அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைக் கொண்டுபோய், அவருக்குக் காது மந்தம், சத்தமாகவே படித்துக் காட்டுங்கள்.

அத்தை, அம்மா சொன்னார். "கஞ்சி ஊட்டுனது அண்ணி, வேப்பிலையால வீசுனது நானு. ரெண்டு பேரும் அந்தப் புள்ள மேல உசுர வெச்சுத்தான் செஞ்சோம்" என்று சொன்னார்.