கயிற்றோடு வந்த ஜீப்பு

மைசூர் நஜர்பாத்தில் சித்தையன் வீடு எது என்று கேட்டால் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஜீப்பு சித்தையன் என்று கேட்க வேண்டும். உடனே இரண்டு பேர் கூடவே வந்து வீட்டைக் காட்டுவார்கள். இத்தனைக்கும் அந்த மனிதர் ஸ்டீரிங்கைக் கையால் தொட்டதுகூட இல்லை. மாட்டு வண்டிக்காரர். அவருக்கு ஜீப்பு வந்து சேர்ந்ததை நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அன்று திகைத்தவன், இதை எழுதும்போதும் திகைத்துத்தான் இருக்கிறேன். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். காணாததை யார் சொன்னார்கள் என்று குறித்துவிடுகிறேன்.

சித்தையன் காவிரிக்கரைக் காட்டோரத்தில் உள்ள கோபிநத்தத்தில் பிறந்தவர். 1937இல் மழை பொய்த்தபோது மனைவி நாச்சம்மாளோடு மைசூருக்கு வந்தார். இருவரும் கட்டட வேலையில் கல் சுமந்தார்கள். ஏழு வருஷம் கழித்து, ஊரிலிருந்து அவருடைய மைத்துனர் இரண்டு காளைக் கன்றுகளை ஓட்டிவந்து கொடுத்தார். அவற்றை வளர்த்துப் பழக்கி, வண்டி கட்டி, விறகும் கல்லும் ஏற்றிப் பிழைத்தார்கள். பிள்ளைகள் இல்லை. காளைகளுக்குப் பெரியவன், சின்னவன் என்று பெயர். "பெரியவன் சாப்பிட்டானா?" என்று நாச்சம்மாள் கேட்பதைக் கேட்டுவிட்டு, அவர்களுக்கு இரண்டு மகன்கள் என்று எங்கள் ஆபீசில் ஒருவர் வெகுநாள் நம்பியிருந்தார்.

நான் அப்போது கால்நடை இலாகாவில் குமாஸ்தா. கபினிக்கரையில் தை மாதம் நடக்கும் மாட்டுச் சந்தைக்கு இலாகாவின் கூடாரமும் மேஜைகளும் வருஷா வருஷம் சித்தையன் வண்டியில்தான் போகும். மைசூரிலிருந்து பதினாறு மைல். சந்தை முடியும்வரை அவரும் நாச்சம்மாளும் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வண்டியை அவிழ்த்துப்போட்டுத் தங்குவார்கள். 1951ஆம் வருஷமும் அப்படித்தான் போயிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை எதிர்க்கரையில் ஒரு பெரிய உறுமல் கேட்டது. முந்தின நாளே சந்தைக்கு வந்து காளை வாங்கிப்போன ஹுன்சூர் மர காண்டிராக்டர் பசவராஜ், இன்று தமது மிலிட்டரி ஜீப்பில் வந்து நின்றார். யுத்தம் முடிந்து பட்டாளச் சாமான்களை ஏலம் விட்டபோது, மரம் இழுக்க நல்ல தடிக் கயிறு வாங்கலாம் என்றுதான் அவர் பெங்களூர் போனாராம். கயிறு ஒரு ஜீப்புக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஏலக்காரர்கள் ஜீப்பையும் கயிற்றையும் பிரித்துத் தர மறுத்துவிட்டார்களாம். கயிற்றுக்குப் போனவர் ஜீப்போடு வந்தார். இது அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல், சந்தை முழுவதும் பார்க்கட்டும் என்று அவர் ஜீப்பை ஆற்றிலேயே இறக்கினார். பாதி ஆறு வரை ராஜகம்பீரம். அப்புறம் முன்சக்கரம் இரண்டும் மணலில் இறங்கின. மூக்கு தண்ணீரில் முழுகிற்று. உறுமல் நின்றது.

கரையில் ஒரே சிரிப்பு. "மிலிட்டரி எருமை தண்ணி குடிக்குது, தொந்தரவு பண்ணாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

பசவராஜ் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து உதவி கேட்டார். யாரும் முன்வரவில்லை. விற்பதற்குக் கொண்டுவந்த மாட்டை ஆற்றில் இறக்கி வதைக்க யாருக்கு மனம் வரும்? விலைக்கு இல்லாத ஜோடி சந்தையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"ஏனுங்க, நம்ம பசங்க இழுத்துருவாங்களா?" என்று நாச்சம்மாள் கேட்டாள்.

"இதென்ன, நம்ம கல்லு லோடுல பாதி வராது புள்ளே," என்றார் சித்தையன்.

ஜீப்பிலிருந்த தடிக் கயிற்றையே பின்பக்கக் கொக்கியில் மாட்டி, சக்கரத்தடியில் வைக்கோலைத் திணித்து, பெரியவனையும் சின்னவனையும் பூட்டினார். காளைகள் முட்டி மடிந்து எழுந்தன. ஜீப்பு பின்பக்கமாக அசைந்து, வளைந்து, எங்கள் கரையில் ஏறி நின்றது. எல்லா ஓரமும் தண்ணீர் கொட்டியது. ஜனங்கள் கைதட்டினார்கள். "எருமைக்குப் பிரசவம் ஆயிருச்சு!" என்றது அதே குரல்.

பசவராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. நனைந்த வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றவர் கொக்கியிலிருந்து கயிற்றைப் பிடுங்கி, அதன் நுனியைச் சித்தையன் கையில் வைத்து அழுத்தினார்.

"நங்கே பேடா மாராயா! எனக்கு வேண்டவே வேண்டாம் இந்தச் சனி. நீயே கட்டி இழுத்துக்கிட்டுப் போ!"

சித்தையன் கயிற்றை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

அதே நிமிஷத்தில், "ஆயிருச்சு!" என்று ஒரு சத்தம். சந்தைத் தரகர்களில் மூத்தவரான மாதப்பன் கையை உயர்த்திக்கொண்டு நின்றார். சிரித்த கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சந்தையில் பேச்சுக்கு மதிப்பில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசலாம், திட்டலாம், எழுந்து போகலாம். ஆனால் ஒருவன் கயிற்றை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. அது விற்பனை. கொடுத்தவன் திருப்பிக் கேட்க முடியாது, வாங்கியவன் திருப்பித் தர முடியாது.

பசவராஜ் முதலில் சிரித்தார். "தமாஷ் பண்ணாதே மாதப்பா. அது மாட்டுக்கு. இது மோட்டார்."

"கயித்துக்கு அது தெரியுமுங்களா?" என்றார் மாதப்பன். "நேத்து அந்தக் குருட்டுக் கெழவன், பையன் அழுகறான், காளையத் திருப்பிக் குடுங்கன்னு உங்க கால்ல விழுந்தானே. கயிறு கை மாறினா மாறினதுதான்னு சொன்னது ஆருங்க?"

பசவராஜ் கூட்டத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் அந்தக் கிழவரைப் பார்த்திருந்தார்கள். "மாறினது மாறினதுதான்!" என்று கூட்டமே கத்தியது.

சித்தையன் கயிற்றைக் கீழே போடவும் பயந்து, பிடிக்கவும் பயந்து, பாம்பைப் பிடித்தவர் போல நின்றார். "சாமி, என்னங்க இது? எனக்கு எதுக்குங்க மோட்டாரு?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பசவராஜ் வியாபாரி. காளைகளை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"சரி, ஒப்புக்கிட்டேன். ஜீப்பு இவனுது. விலை பேசாம கயிறு மாறினா அது என்ன வியாபாரம்? நீயே சொல்லு மாதப்பா."

மாதப்பன் முகத்தில் ரத்தம் சுண்டியதை நான் பார்த்தேன். அதுவும் சந்தை வழக்கம்தான். விலை பேசாமல் கயிறு மாறினால் அது மாற்று வியாபாரம். வாங்கியவன் பக்கத்தில் நிற்கும் மாடு கொடுத்தவனுக்குப் போகும். சித்தையன் பக்கத்தில் நுகத்தடியோடு, ஈரம் சொட்ட, பெரியவனும் சின்னவனும் நின்றன.

"ஐயோ, மாத்து வியாபாரமாயிருச்சுங்க…" என்றார் மாதப்பன் மெதுவாக. தாம் வெட்டிய குழியில் இன்னொருவர் விழுந்ததைப் பார்க்கிற முகம். உதவி செய்ய இறங்கிய மனிதன் ஒரு கயிற்று நுனியைத் தொட்ட பாவத்துக்குத் தன் பிழைப்பையே இழப்பதா?

பசவராஜ் சின்னவன் கழுத்தின்மேல் கை வைத்தார்.

"கைய எடுங்க!"

நாச்சம்மாள். அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"ஏனுங்க தரகரே, படுத்த மாட்டுக்கு வெலை உண்டுங்களா?"

மாதப்பன் விழித்தார்.

"சந்தையில மாடு படுத்துக்கிச்சு. மூணு தட்டுத் தட்டியும் எந்திரிக்கல. கயித்த இன்னொருத்தங்கிட்டக் குடுத்துட்டான். அதுக்கு என்ன வெலைங்க?"

"வெத்தலபாக்குதான்," என்றார் மாதப்பன். அவர் குரல் திரும்பிவிட்டது. "தூக்கிட்டுப் போறதே கூலி. படுத்த மாட்டுக்கு மாத்து கெடையாது."

"அப்ப இது நிக்குதா, படுத்திருக்குதா? எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்க. நடந்தா என்ற பசங்கள நானே அவுத்துத் தர்றேன். நடக்கலன்னா வெத்தலபாக்கு."

சித்தையன் திகிலோடு மனைவியைப் பார்த்தார். "புள்ளே, அது மோட்டாரு புள்ளே. கெளம்பீருச்சுன்னா?" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பசவராஜ் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டார். அவருக்கு வண்டிமேல் அவ்வளவு நம்பிக்கை. மூன்று தட்டுக்குப் பதில் மூன்று சுற்று என்று முடிவாயிற்று. முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி முழுபலத்தோடு சுற்றினார்.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. உள்ளே தண்ணீர் குலுங்கியது மட்டும் கேட்டது.

இரண்டாவது சுற்றில் ஜீப்பு இருமியது. உடம்பெல்லாம் ஒருமுறை உதறி, பின்னால் ஒரு புகை விட்டது. "ஹா!" என்றார் பசவராஜ். நாச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தையன் சின்னவன் கொம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். புகை கலைந்தது. சத்தம் நின்றுவிட்டது.

மூன்றாவது முறை அவர் சுற்றிய வேகத்தில் கைப்பிடி உருவிக்கொண்டு வந்து, மனிதர் மல்லாக்க மணலில் விழுந்தார். ஜீப்பு அசையவில்லை.

"படுத்த மாடு!" என்று மாதப்பன் கத்தினார். அதற்கப்புறம் எழுந்த கூச்சலில், கட்டியிருந்த மாடுகளெல்லாம் மிரண்டு எழுந்தன.

நாச்சம்மாள் மடியிலிருந்த வெற்றிலையும் பாக்கையும் எடுத்துப் பசவராஜ் கையில் வைத்தாள். அவர் மணலில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டார். "தேவ்ரே, கடவுளே! வண்டி போகட்டும். கயிறாவது கொடம்மா. கயித்துக்குத்தான் நான் பெங்களூர் போனேன்," என்றார்.

"கயிறு இல்லாம மாடு வாங்கின ஆளை நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் மாதப்பன்.

விற்பனைச் சீட்டு எழுதுவது என் வேலை. சீட்டில் நிறம், கொம்பு, பல், சுழி என்று கட்டங்கள் உண்டு. காலியாக விட எனக்கு மனம் ஒப்பாது. நிறம் பச்சை, கொம்பு இல்லை, பல் இல்லை, சுழி காணப்படவில்லை என்று எழுதினேன். எங்கள் மாட்டு டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சந்தை கலைந்த அன்று பெரியவனும் சின்னவனும் ஜீப்பை இழுத்தன. ஜீப்பின் பின்னால் மாட்டு வண்டி, அதில் இலாகாவின் கூடாரம், அதன்மேல் நான். ஸ்டீரிங்கை யாராவது பிடித்தே ஆகவேண்டும். சித்தையன் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நாச்சம்மாள் ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லையில் சுங்கச்சாவடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். இதை மோட்டார் என்று எழுதுவதா, வண்டி என்று எழுதுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை ஸ்டீரிங் பிடித்து மைசூருக்குள் வந்ததை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம். "போங்கம்மா, போங்க. நான் எதையும் பாக்கலே," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் காலை, வண்டியிலேயே விட்டுப்போன மேஜைக்கால் ஒன்றை வாங்கிவர நான் சித்தையன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஜீப்பு, பக்கத்தில் புளிய மரத்தடியில் காளைகள். தெருக்கோடியில் லாரி ரிப்பேர் செய்யும் சந்திரன் வந்து முன்மூடியைத் தூக்கிப் பார்த்தான். உள்ளே கறுப்பாக ஒரு சின்னக் கிண்ணம் போன்றதைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து மறுபடி மாட்டினான். கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றினான்.

ஜீப்பு உறுமியது. தெருவே அதிர்ந்தது. பெரியவனும் சின்னவனும் கட்டை அறுத்துக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் ஓடின.

"அண்ணே, வண்டி தங்கம்!" என்று சந்திரன் கத்தினான்.

சித்தையன் நின்ற இடத்திலேயே நின்றார். "இப்ப என்ன தம்பி பண்ணுனே?"

"உள்ளே தண்ணி கோத்திருந்துச்சு, தொடச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே. இதுக்கு மேல இதுல ஒண்ணும் பழுதில்லை."

சித்தையன் என் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "சாமி, அந்தக் காண்டிராக்டரு தோள்ல ஒரு துண்டு போட்டிருந்தாருங்களே. அதால ஒரு தொடை தொடச்சிருந்தாருன்னா?" என்றார். காளைகள் போன திசையில் ஓடினார்.

நானும் நாச்சம்மாளும் பின்னாலேயே போனோம். காரஞ்சிக் கெரை ஏரிக்கரையில் அவரைக் கண்டோம். இரண்டு காளைகளின் அறுந்த கயிற்றையும் கையில் சுற்றிக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். காளைகள் எப்போதோ பயம் தெளிந்து புல் மேய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க வூட்டுக்கு," என்றாள் நாச்சம்மாள்.

"மொதல்ல அந்த மோட்டார அமத்தச் சொல்லு புள்ளே. இங்க வரைக்கும் அதிருது."

நாச்சம்மாள் அருகில் போய் அவர் விரல்களிலிருந்து கயிற்றை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள்.

"அது நின்னு எத்தன நேரமாச்சு," என்றாள். "அதிர்றது உங்க கையிங்க."